அடுப்பு எரியாத நாளில் எரிந்த கட்டில்

யசவதியின் விரல்களை முகர்ந்தாலே அவள் தொழில் தெரிந்துவிடும். மொரட்டுவையில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், கணவன் கருணாபால மரத்தை அறுத்து இழைப்பான். உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, வார்னிஷ் ஏற்றிப் பளபளக்க வைப்பது அவள் பங்கு. இருபத்தெட்டு வருடங்களில் அவள் கைபட்ட அலுமாரிகளும் கட்டில்களும் எத்தனை வீடுகளில் நிற்கின்றன என்று அவளுக்கே தெரியாது. எதிலும் ஒழுங்கு வேண்டும் அவளுக்கு. எண்ணெய் துடைத்த பழந்துணியைக்கூட அப்படியே எறிய மாட்டாள். நான்காக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். மாலையில் அந்த அடுக்கு அடுப்புக்குள் போகும். காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டையைவிடச் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

அந்த ஒழுங்குக்குள்தான் இனோகா வந்து சேர்ந்தாள்.

கட்டுநாயக்கவில் லாரி ஓட்டப்போன மகன் மஹீஷ, அங்கே ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருந்தவளை யாரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்து கூட்டி வந்துவிட்டான். தாய் தகப்பனை விட்டு அந்தப் பக்கத்து வாடகை அறைகளில் தனியே வாழ்ந்த பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று யசவதிக்குத் தெரியும். அதில் பாதியை அவளே பேசியிருக்கிறாள். அன்றிலிருந்து சீனி குறைந்தால் சந்தேகம், மகன் சிரித்தால் சந்தேகம்.

"பூனை மாதிரி வர்றா பாருங்க. நல்ல மனசு இருக்கிறவ சத்தமில்லாம நடப்பாளா?"

"போன வாரம் செருப்புச் சத்தம் தாங்கலன்னு திட்டினே," என்றான் கருணாபால. "இனி பறந்துதான் வரணும் போல."

இனோகா வந்தபிறகு வந்த முதல் சித்திரைப் புத்தாண்டு அது. காலை ஏழு மணிக்கு நோனகதய என்ற விலக்கு நேரம் தொடங்கும். அதன்பின் யாரும் வேலையைத் தொடக்கூடாது, அடுப்பை மூட்டக்கூடாது. மறுநாள் காலைச் சுபநேரத்தில்தான் புது நெருப்பு. கொட்டகையில் ஒரு கலியாணக் கட்டில் மெருகுக்குக் காத்திருந்தது. யசவதி விடியுமுன்னே எழுந்து அதற்கு எண்ணெய் பூசி முடித்தாள். அடுப்போ முந்தின இரவே அணைந்து, கழுவி, மெழுகப்பட்டிருந்தது. துணிகளை வழக்கம்போல் மடித்து அடுக்கினாள். ஓர் உரப்பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நாளைக்குப் புது அடுப்புக்கு ஆகும்.

பிற்பகல் மூன்று மணி. எல்லோரும் விகாரைக்குப் போய்வந்து முன்னறையில் அமர்ந்திருந்தார்கள். இனோகா மட்டும் அங்கே இல்லை.

"தீ! அப்பா, ஓடி வாங்க! தீ!"

பின்பக்கமிருந்து வந்தது அவள் குரல்தான். யசவதி ஓடிப் பார்த்தபோது கட்டிலின் தலைப்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. இனோகா இரண்டு கைகளாலும் வார்னிஷில் கலக்கும் தின்னர் டின்னைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்து வந்தாள். கருணாபால வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினான். தரையில் சிந்திக் கிடந்த தின்னர், தண்ணீரின்மேல் மிதந்து, நெருப்பையும் சுமந்துகொண்டு சுவரை நோக்கி ஓடியது.

"தண்ணி வேணாம்ப்பா! மணல்! மணலைக் கொட்டுங்க!" என்று கத்தினாள் இனோகா.

வீடு கட்ட மஹீஷ குவித்து வைத்திருந்த மணல்தான் அன்று வீட்டைக் காப்பாற்றியது. கட்டில் பாதி கருகிப்போனது. இனோகாவின் வலது முழங்கை தோலுரிந்து சிவந்தது.

யசவதி அந்தக் கையைப் பார்க்கவில்லை. மருமகளின் சட்டைப் பையில் பிதுங்கிய தீப்பெட்டியைத்தான் பார்த்தாள்.

"இது என்ன?"

"அப்பா சுருட்டுப் பத்த வச்சிடுவாரோன்னு எடுத்து ஒளிச்சு வச்சேம்மா. நோனகதயில்லையா..."

"அப்படியா! ஊர் முழுக்க ஒரு அடுப்புகூட எரியாத நேரம். தீப்பெட்டி உன் பையில. தீயை முதல்ல பார்த்ததும் நீ. மணல் போடணும்னும் உனக்குத்தான் தெரியும். எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருக்கே!"

"வாடை வந்துதும்மா, அதான் போய்ப் பார்த்தேன். மணல் விஷயம் தொழிற்சாலையில சொல்லிக் கொடுத்தாங்க. மாசாமாசம் மணியடிச்சு..."

"என் வீட்டை எரிக்கவும் அங்கேதான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"யசா, வாயை அளந்து பேசு," என்றான் கருணாபால. ஆனால் அவனும் தீப்பெட்டியைத் திரும்ப ஒருமுறை பார்த்தான். இனோகா அதைக் கவனித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவள் கண் கலங்கியது.

மறுநாள் சுபநேரத்தில் பானையில் பால் பொங்கியது. பாற்சோறு வெந்தது. வீட்டுக்கு வீடு வெடி வெடித்தது. முதற்கவளம் உண்டதும் சிறியவர்கள் பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்து வணங்க வேண்டும். இனோகா கட்டுப்போட்ட கையில் வெற்றிலைக் கற்றையை ஏந்தி மாமியாரின் காலடியில் முழங்காலிட்டாள்.

யசவதி கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லிட்டுக் கொடு. வாங்கிக்கிறேன்."

சின்னப் பெண், வெற்றிலையோடு எவ்வளவு நேரம்தான் முழங்காலில் இருப்பாள்? எழுந்து அறைக்குள் போய்ப் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

மஹீஷ வாசலில் நின்றான். "வெளியே கிளம்புற சுபநேரம் நாளை மறுநாள் காலையில. அதுவரைக்கும் இருப்போம். அவ போனா நானும் போவேம்மா. திரும்பி வரமாட்டேன்."

ஒரே பிள்ளை. ஆனாலும் யசவதியின் வாய் மட்டும், "போங்க," என்றது.

எட்டு மணிக்கு வேலை தொடங்கும் சுபநேரம். சகுனத்துக்காகவாவது கையில் வேலையைத் தொட வேண்டுமே. தீ தொடாமல் தப்பிய கட்டிலின் கால்பக்கத்தை முற்றத்தில் சாய்த்து வைத்து, அழுதுகொண்டே எண்ணெய் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் துணி சேர்ந்தது. புதிதாக மூட்டிய அடுப்பருகே எண்ணெய்த் துணியைக் கொண்டுபோக நேற்றுக்குப் பிறகு அவளுக்குத் துணிவில்லை. மடித்து, மூடியில்லாத பழைய பெயின்ட் வாளியில் நெருக்கித் திணித்து, கொட்டகை வாசலில் வைத்தாள். பக்கத்திலேயே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பிட வரலையா?" என்று கேட்டான் கருணாபால.

"இன்னொரு தரம் இந்தப் பக்கம் வர்றாளான்னு பார்க்கிறேன். தீப்பெட்டி என் இடுப்புல இருக்கு."

சோறு கதிரைக்கே வந்தது. தூரத்துக் கிணற்றடியில் இனோகா ஒற்றைக் கையால் துணி துவைப்பதை யசவதி கண்ணெடுக்காமல் பார்த்தாள். வெயில் ஏறியது. இனோகா ஓர் அடிகூட இந்தப் பக்கம் எடுத்து வைக்கவில்லை.

மணி இரண்டரை இருக்கும். எண்ணெய் காய்ந்து கெட்டதுபோல் ஒரு வாடை வந்தது. யசவதி கிணற்றடியைப் பார்த்தாள். இனோகா அங்கேதான் நிற்கிறாள். வாடை கூடியது. காலுக்கு அருகே குனிந்து வாளியைத் தொட்டவள் கையை உதறினாள். சுட்டது. பதறிப்போய் மேல் துணியை விலக்கினாள். உள்ளே மடிப்புகளுக்கு நடுவே பழுப்பாகக் கருகியிருந்தது. மெல்லிய புகை எழுந்து அவள் முகத்தில் பட்டது.

யாரும் வரவில்லை. யாரும் தொடவில்லை. தீப்பெட்டி இடுப்பில் அப்படியே இருந்தது. தானே சூடேறி, தானே எரிகிற துணி. தினமும் மாலையில் அடுப்பில் போய்விடுவதால், இது இப்படிச் செய்யும் என்று இருபத்தெட்டு வருடங்களில் ஒருநாளும் தெரிய வழியில்லை. நேற்று உரப்பைக்குள் அடுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளியது அவள் கைதான்.

பின்வேலிக்கு அப்பால் கால்வாய் ஓடியது. நாலு எட்டு வைத்தால் போதும். வாளியோடு வீசிவிட்டால் இதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. யசவதி கைப்பிடியைப் பிடித்து எழுந்தும்விட்டாள். கிணற்றடியில் இனோகா, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் மாமியாரின் சேலையைத்தான் அலசிக்கொண்டிருந்தாள்.

"இனோகா!" கொட்டகை அதிரக் கத்தினாள் யசவதி. "ஓடி வாடி! எரியப் போகுது! இதுக்குத் தண்ணியா, மணலா? நீயே சொல்லு!"

இனோகா அலசல் தண்ணீர் வாளியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, பெயின்ட் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "துணிக்குத் தண்ணிம்மா. தின்னருக்குத்தான் மணல்." கையிலிருந்த தண்ணீரை அதற்குள் அப்படியே கவிழ்த்தாள். சுர்ரென்று ஆவி எழுந்தது.

தகப்பனும் மகனும் ஓடி வந்தார்கள். யசவதி கருகிய துணியை எடுத்து நீட்டினாள்.

"நான்தான்," என்றாள். "நான் மடிச்சு வச்ச துணி. இவ கிணத்தடியை விட்டு அசையல, என் ரெண்டு கண்ணும் சாட்சி. நேத்தும் இதேதான் நடந்திருக்கு. பாவி நான், இவ வாழ்க்கையை எரிக்கப் பார்த்தேன்."

கருணாபால தலையைக் குனிந்துகொண்டான். யசவதி உள்ளே போனாள். காலையில் வாங்க மறுத்த வெற்றிலை மேசையில் வாடிக் கிடந்தது. அதை எடுத்துவந்து மருமகளின் முன்னால் முழங்காலிடக் குனிந்தாள்.

"ஐயோ, எழும்புங்கம்மா, பாவம்மா!" இனோகா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். வெற்றிலையை மட்டும் வாங்கிக்கொண்டாள். உடனே சிரித்துவிடவில்லை. "எனக்கு ரொம்ப வலிச்சுதும்மா," என்றாள். "கையைச் சொல்லல."

"தெரியும் மகளே."

மஹீஷ உள்ளே போனான். அறையிலிருந்து பையின் ஜிப்பைத் திறந்து, அடுக்கிய துணிகளைத் திரும்ப எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"இனிமே இந்தத் துணியை என்ன செய்றது?" என்று கேட்டாள் யசவதி.

"மடிக்கவே கூடாது. வெளியில, ஒண்ணொண்ணா விரிச்சுக் காயப் போடணும்."

நெருப்பைவிட இதுதான் யசவதிக்குக் கடினமாக இருந்தது. விரித்த துணியின் ஓரத்தைக் கை தானாக மடிக்கப் போனது. இனோகா தட்டிவிட்டாள். எண்ணெய்க் கறை படிந்த கந்தல்கள் வேலியோரக் கொடியில் வரிசையாக ஆடுவதைப் பார்த்து, அடுத்த வீட்டு மெர்சி நோனா எட்டிப் பார்த்தாள்.

"என்ன யசவதி, ஊரெல்லாம் புதுத்துணி போடுற நாளில நீ கந்தலைத் தொங்க விட்டிருக்கே? உன் மருமக வேலையா?"

"ஆமா," என்றாள் யசவதி, அடுத்த துணியை உதறி விரித்தபடி. "என் மருமக சொல்லிக் கொடுத்தா. உன் வீட்டிலயும் எண்ணெய்த் துணி இருந்தா எடுத்துட்டு வா, காட்டித் தர்றோம்."