அரை டம்ளர் அரிசிக்குத் தண்ணீர்

சனிக்கிழமை மத்தியான வகுப்பில் ஏழு பேர். எல்லாரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். வேலையில் ஒரு படி ஏற வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் ஒரு கணக்குத் தேர்வு எழுதியாக வேண்டும். அவர்களுக்கு விகிதம் சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. மற்ற நாட்களில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அங்கே பேச்சுத்துணை காகிதம்தான். அதனாலேயே சனிக்கிழமைக்கான உடையை வியாழக்கிழமையே இஸ்திரி போட்டு வைத்துவிடுவாள்.

முன்வரிசையில் மருத்துவமனைச் சமையல்காரி. இருபது வருஷமாக முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள். இந்தத் தடவை தேறினால் சமையலறைப் பொறுப்பு அவளுக்கு. இல்லாவிட்டால் வேறொருத்திக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள்.

மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: நான்கு டம்ளர் அரிசிக்கு எட்டு டம்ளர் தண்ணீர் என்றால், அரை டம்ளர் அரிசிக்கு எவ்வளவு? சமையல்காரி ஒன்றரை என்று எழுதியிருந்தாள். டீச்சர் தப்பு போட்டாள்.

வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டுமென்று சுவரில் ஒட்டியிருந்தது. சமையல்காரிக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும்.

"என்ன டீச்சர் இது? ஒரு டம்ளர் ஊத்துனா அடிபிடிச்சுக் கரியாயிடும். கொஞ்சமா வச்சா பாதித் தண்ணி ஆவியாவே போயிடும்."

"அரிசி எட்டுல ஒரு பங்காச்சுன்னா தண்ணியும் எட்டுல ஒரு பங்கு. அவ்வளவுதான்க்கா."

"கேள்வி எழுதினவன் ஒரு நாளாவது அடுப்புப் பக்கம் போயிருப்பானா?"

"அவனுக்கு ஹோட்டல் சாப்பாடுதான் போல," என்றார் பின்வரிசை லாரி டிரைவர். வகுப்பே சிரித்தது.

"நீங்க சொல்றது எனக்குத் தெரியும்க்கா," என்றாள் டீச்சர். "நானும் ஒண்ணரைதான் ஊத்துறேன்."

வாய்தவறி வந்துவிட்டது. சமையல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தினமும் அரை டம்ளர்தானா?" குரல் இறங்கியிருந்தது.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கேள்வித்தாள்ல ஆவி போகாதுக்கா. அங்க ஒண்ணுன்னு எழுதுங்க, அடுப்புல உங்க இஷ்டத்துக்கு ஊத்துங்க. இந்த வீம்புல வேலையை விட்டுடாதீங்க."

"சரி. உங்களுக்காகப் பொய் எழுதுறேன்."

தேர்வு முடிந்த பத்து நாளில் போன் வந்தது.

"பாஸ் டீச்சர்! அரிசிக்குப் பதிலா மாவு கேட்டிருந்தான். நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன். கைதான் கூசிச்சு."

"ரொம்ப சந்தோஷம்க்கா! சனிக்கிழமை வந்து எல்லாருக்கும் சொல்லுங்க."

"சனிக்கிழமை டியூட்டி போட்டுட்டாங்களே. நீங்க ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, என்ன?"

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வருகைப் பதிவேட்டில் சமையல்காரியின் பெயருக்கு நேரே, நின்ற காரணம் என்ற கட்டத்தில், 'தேர்ச்சி' என்று டீச்சர் எழுதினாள். அந்தக் கட்டத்தில் அவள் எழுதிய பதினோராவது தேர்ச்சி அது. முந்தைய பத்துப் பேரில் ஒருவரும் திரும்ப வந்ததில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

"அக்கா வரலையா?" என்றார் டிரைவர்.

"பாஸ் பண்ணிட்டாங்க."

"கொடுத்து வச்சவங்க. என் மண்டைக்கு இதெல்லாம் ஏறாது டீச்சர். நான் இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயேதான் கிடப்பேன்."

அதைக் கேட்டதும் டீச்சருக்கு மனசு குளிர்ந்தது. ஒரே ஒரு நொடிதான். பிறகு முகம் சுட்டது.

"அதெல்லாம் கிடக்க விடமாட்டேன்," என்றாள், தேவைக்கு அதிகமான சத்தத்தில். "முன்னாடி வந்து உக்காருங்கண்ணே. நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர் டீசல்னா, முப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு எவ்வளவு?"

டிரைவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு காலி நாற்காலிக்கு வந்தார்.