காலிக் குழாய்

நாலைந்து ஆய்வுக்கூடங்களில் கேட்டுப் பார்த்தேன். அமினோ அமிலப் பரிசோதனையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். கடைசியில் அலிப்பூரில் ஒரு பொது ஆய்வுக்கூடத்தில்தான் என் புரத மாதிரிகளை வாங்கிக்கொண்டார்கள்.

முடிவு வந்தது. கிளைசின், செரின் என்ற இரண்டு அமிலங்களும் இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். பழைய இயந்திரம், நம்ப முடியாது என்று கோபத்தில் நிர்வாகத்துக்குப் புகார் எழுதிவிட்டேன்.

மறுவாரம் அந்த இயந்திரத்தை இயக்கும் பெண்மணி கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. என்னிடம் வங்காள மொழியில்தான் பேசுவார்.

"நீ கொடுத்ததுல, ஒப்பிட்டுப் பார்க்கன்னு ஒண்ணுமே போடாத குழாய் ஒண்ணு இருந்ததே, அதையும் ஓட்டிப் பார்த்தேன்" என்று ஒரு தாளை நீட்டினார். அதிலும் அதே இரண்டு அமிலங்கள்.

"கையுறை இல்லாம தொட்டியா?"

தொட்டிருந்தேன். பெயர்ச்சீட்டு ஒட்டும்போது வழுக்குகிறது என்று கையுறையைக் கழற்றிவிட்டு, குழாயின் வாயைப் பிடித்திருந்தேன். அவர் கண்டுபிடித்தது என் விரல் வியர்வையிலிருந்த அமிலங்களை.

தீதி ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. மாதிரிகளைப் புதிதாகத் தயாரித்து வரச் சொல்லி, இயந்திரத்துக்கென மிச்சமிருந்த கரைசலைக் கொண்டு மறுபடி ஓட்டித் தந்தார். எல்லாம் சரியாக வந்தது.

புகாரைத் திரும்பப் பெறக் கடிதத்தோடு போனேன். அமினோ அமிலப் பரிசோதனை நிறுத்தப்பட்டதாகக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

"உன் புகாரால இல்லம்மா. சாம்பிளே வர்றதில்ல, அதான் மூடுறாங்க" என்றார் தீதி.

உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்தப் பரிசோதனையை எங்கே செய்யலாம் என்று இப்போது யாராவது கேட்டால், பதில் சொல்லுமுன் என் விரல்களைத்தான் பார்க்கிறேன்.