தோற்றவர்களுக்குப் பூண்டு

மாதோவ் ஊர்க் கோயில் வாசலில் சாசேஜ் சுட்டு விற்கும் கியட், குழந்தைகளிடம் இரக்கம் காட்டாதவர் என்று பெயரெடுத்தவர். தைவானின் தெற்கே சாசேஜ் வண்டி என்றால் அதில் ஒரு பீங்கான் கிண்ணமும் நாலு பகடைகளும் இருக்கும். காசைக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தின் பேரான "பதினெட்டு" என்பதைக் கூவிக்கொண்டே உருட்ட வேண்டும். ஜோடியாக விழுந்த இரண்டை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் கூட்டுவது கணக்கு. பிறகு கடைக்காரர் உருட்டுவார். நமக்கு அதிகம் விழுந்தால் இரண்டு சாசேஜ், குறைந்தால் ஒன்றுமில்லை. தோற்றது சின்னப் பிள்ளை என்றால் மற்ற கடைக்காரர்கள் சும்மாவாவது ஒன்றை நீட்டிவிடுவார்கள். கியட் நீட்டுவது, சாசேஜோடு கடித்துக்கொள்ள வைத்திருக்கும் பச்சைப் பூண்டில் ஒரு பல்.

"மாமா, நான் சின்னப் புள்ள."

"பகடைக்கு அது தெரியலயே கண்ணு. இந்தா, பூண்டு."

தோற்ற பிள்ளைகள் கோயில் படியில் வரிசையாக உட்கார்ந்து அதை மெல்லுவார்கள். யாருக்குக் கடைசியாகக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று போட்டி. நான் பக்கத்துத் தெருவில் வெகுகாலமாகக் குடியிருப்பவன், எதற்கும் கவலைப்படுகிற ஆள். என் பையன் அந்தப் படியில் உட்கார்ந்த நாட்களில் அவனுக்கு வயிறு வெந்துவிடுமோ என்று நான்தான் தூங்காமல் கிடந்தேன். அவன் நன்றாகத் தூங்கினான்.

போன மழைக்காலத்தில் கியட்டின் மனைவி நோயில் இறந்துபோனார். அதன் பிறகு அவருடைய ஐந்து வயது மகள் தோங்தோங், பாலர் பள்ளி விட்டதும் வண்டிப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார ஆரம்பித்தாள். தினமும் ஒருமுறை அப்பாவோடு பகடை உருட்டுவாள். தினமும் ஜெயித்தாள்.

எப்படி என்று பார்க்கப் பெரிய கண் தேவையில்லை. தன் முறை வந்ததும் கியட்டின் சுண்டுவிரல் கிண்ணத்தின் விளிம்பைத் தட்டும். விழுந்த ஆறு புரண்டு ஒன்றாகும்.

"மாமா, ஒங்க விரலுக்குக் காய்ச்சலா?" என்றாள் பழக்கடைக்காரரின் மகள் பெய்ரூ. மூன்றாம் வகுப்பு, அந்தப் படிக்கட்டுக்கு அவள்தான் தலைவி. "எங்ககிட்ட ஆடறப்ப மட்டும் நடுங்க மாட்டேங்குதே."

"ஒன் வாய்க்குத்தான் காய்ச்சல். போ, போய் பொமலோப் பழம் உரி."

பிள்ளைகள் போனதும் அவராகவே என்னிடம் சொன்னார்: "ஏற்கனவே அவ பெருசாத் தோத்துட்டா. இனி ஒரு சாசேஜக்கூட அவ தோக்க வேணாம். என்னால பாக்க முடியாது." நான் தலையாட்டினேன். அவர் சொன்னது எனக்கு முழுக்க நியாயமாகவே பட்டது.

ஆனால் தோங்தோங் கண் முழுக்கப் படிக்கட்டின் மேல்தான். ஒரு நாள், ஜெயித்த இரண்டு சாசேஜ் குச்சியையும் கையில் பிடித்தபடி கேட்டாள்:

"அப்பா, எனக்கு எப்பப் பூண்டு தருவ?"

"அது தோத்தவங்களுக்குடா."

"நான் எப்பத் தோப்பேன்?"

கியட் அடுப்புக் கரியைக் கிளறினார். பிறகு இருப்பதிலேயே பெரிய பல்லாகப் பார்த்து உரித்துக் கொடுத்தார். அவள் அதைப் பெருமையாக ஏந்திக்கொண்டு படிக்கு ஓடினாள். பெய்ரூ வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது செல்லாது. நீதான் ஜெயிச்சியே."

தோங்தோங் முக்காலிக்குத் திரும்பி வந்தாள். சாசேஜ் இரண்டும் குச்சியிலேயே ஆறிப்போயின.

மறுநாள் மாலை நான் போனபோது அவள் கிண்ணத்தின் முன்னால் நின்றிருந்தாள். "பதினெட்டு" என்று கூவி உருட்டினாள். ஐந்து விழுந்தது. கியட் பகடைகளைக் கையில் எடுத்தார், உள்ளங்கையில் வெகுநேரம் குலுக்கினார். உருட்டிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒன்பது.

தோற்க ஆசைப்பட்டவள்தான். ஆனாலும் தட்டில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த சாசேஜைப் பார்த்ததும் அவள் கீழுதடு பிதுங்கியது. அது வேறு யாருக்கோ போகப்போகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பெரிதாக அழுதாள்.

"நான் தோக்கல. அது தப்பு. இன்னொருவாட்டி போடு."

கியட்டின் கை இடுக்கியை எடுத்துவிட்டது. நான் கூட, கொடுத்துத் தொலையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இடுக்கியால் சாசேஜ்களைப் புரட்டினார், புரட்டியதையே மறுபடி புரட்டினார். அவர் கன்னம் நனைந்திருந்தது. புகைதான் என்று சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை.

அழுகை தேம்பலாகியது. தேம்பல் விக்கலாகியது. அப்புறம் அவள் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள்.

"சின்னதாக் குடு."

அவர் சின்னதாகப் பார்த்து உரித்தார். நகத்தில் தோல் சிக்கி, நேரம் பிடித்தது.

"தள்ளி ஒக்காருங்கடா," என்றாள் பெய்ரூ மற்றவர்களிடம். தோங்தோங் கடித்தாள். முகம் சுருங்கியது, காது சிவந்தது, இந்த முறை பூண்டின் காரத்தில் அழுதாள். "இங்க வந்ததுமே தோத்துட்டா," என்று ஒருவன் சிரித்தான். அவளும் அழுகையோடு சிரித்தாள், மென்றதில் பாதி வெளியே விழுந்தது.

இருட்டத் தொடங்கியதும் அவள் வண்டிக்கு வந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தூ, வாய் நாறுது. தள்ளி நில்லு," என்றார் கியட்.

அவள் தள்ளி நிற்கவில்லை. "நாளைக்கும் கையப் பின்னால கட்டிக்கணும்."

"கட்டிக்கறேன்."

"நான் அழுதாக்கூட."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டே, காத்திருந்தவருக்கு மூன்று சாசேஜ் கட்டிக் கொடுத்தார்.

"சரி," என்றார், "அழுதாக்கூட."