செல்வி முதலில் சிரித்த படம்

போன ஞாயிறு லுணுகலைப் பக்கம், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கைப்பையில் ஒரு பென் டிரைவ். அதற்குள் ஒரு காமெடிப் படம். தமிழ்ப் படம்தான் — அடியில் தமிழ் எழுத்தே ஓடும்!

இதைத் தேடி நான் பட்ட பாடு இருக்கிறதே... பதுளையில் ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிங்கள எழுத்து இருக்குங்க, இங்கிலிஷும் இருக்குங்க. தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து எதுக்குங்க? அதான் காது கேக்குதே!"

எல்லோருக்குமா கேட்கிறது? கடைசியில் ஆபீஸ் தோழி ஒருத்திதான் எங்கேயோ தேடிக் கொடுத்தாள்.

என் சித்தி மகள் செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். தமிழை என்னைவிட வேகமாக வாசிப்பாள். படம் என்றால் உயிர். ஆனால் டிவி முன்னால் நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவள் சிரிப்பாள், அதுவும் எங்கள் முகத்தைப் பார்த்து. 'என்ன சொன்னான்?' என்று கையால் கேட்பாள். நாங்கள் விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றுவோம். எங்கள் வீட்டுச் சைகையில் அதற்கு 'அப்புறம் சொல்றேன்' என்று அர்த்தம்.

அந்த அப்புறம் வந்ததே இல்லை. அவளை அதிகம் ஏமாற்றியவள் நான்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து லயத்தில், சித்தியின் வீட்டில் படம் போட்டோம். அக்கம்பக்கத்து ஆட்களோடு பத்துப் பேர். செல்வி டிவிக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை — பிடித்ததே மழை!

தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சாவது, பாட்டாவது? வால்யூமை முழுசாகத் திருப்பியும் ஒன்றும் கேட்கவில்லை. சின்ன டிவி, எறும்பு மாதிரி எழுத்து. பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சித்திக்கு வாசிக்கத் தெரியாது. நானோ கண்ணாடியைப் பதுளையில் மறந்துவிட்டு வந்த மகராசி!

அப்போது ஒரே ஒருத்தி சிரித்தாள். தோள் குலுங்க, தன்பாட்டில், எல்லோருக்கும் முதலில்.

சித்தி அவள் முதுகைத் தட்டி, கையை ஆட்டிக் கேட்டார். "என்னாடி சொன்னான்? எங்களுக்கும் சொல்லேன்டி!"

செல்வி எங்கள் பக்கம் திரும்பினாள். கைகள் பறந்தன. கதாநாயகனின் மாமனாருக்கு எங்களை வேலை வாங்கும் கங்காணியின் மீசை முறுக்கலையே சைகைப் பெயராக வைத்துவிட்டாள். சிரிப்பில் வீடே அதிர்ந்தது.

"ஆத்தாடி, படத்த விட இவ நல்லா நடிக்கிறாளே!" என்று பக்கத்து வீட்டு ராணியக்கா கத்தியது மழையையும் மீறிக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

கடைசிக் காட்சி. கல்யாண மேடையில் மாப்பிள்ளை மாமனாரிடம் ஏதோ சொல்கிறான். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள்கிறாள். என்னால் பொறுக்க முடியவில்லை. தோளைத் தொட்டு, 'என்ன சொன்னான்?' என்று கையால் கேட்டேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். சிரித்தாள். பிறகு நிதானமாக, விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இன்றோடு ஐந்து நாள். பென் டிரைவ் அவளிடம்தான் இருக்கிறது... இன்னும் சொல்லவில்லை!