புறாவுக்குப் புது வீடு

நான்காவது மாடிச் சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டே, காதில் செல்போனை இடுக்கி மாமியாரோடு வம்பளக்கிற ஆள் அவன். ஏசி மெக்கானிக் வேலையில் பதினாறு வருஷம். கடைவீதியில் எல்லோருக்கும் அவன் 'ஜில்'. இடுப்பில் பெல்ட் மாட்டிவிட்டால் பயம் என்பது மருந்துக்கும் கிடையாது. அப்பேர்ப்பட்டவனுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், ஒன்பது வயது மகள்.

அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் புறா கூடு கட்டுவது இந்தத் தொழிலின் தீராத தலைவலி. கூட்டை எடுக்காமல் யூனிட்டைக் கழற்ற முடியாது. முட்டையோ குஞ்சோ, எல்லாம் கறுப்புக் குப்பைப் பைக்குள் போகும். வாயை இறுக்கி ஒரு முடிச்சு. அப்புறம் கீழே குப்பைத் தொட்டி. தொழிலில் எல்லோரும் செய்வதுதான், இவனும் செய்தான். மகள் கேட்டபோது மட்டும் கதை விட்டான்.

"ஒரு வீட்டு மொட்டைமாடியில தோட்டம் இருக்கு பாப்பா. குஞ்சுங்கள அங்க விட்டுடுவேன். அம்மாப் புறா பின்னாலயே வந்துடும்."

அவள் அதை அப்படியே கவிதையாக எழுதிவிட்டாள். பள்ளிக்கூட விழாவில் வாசிக்கத் தேர்வும் ஆகிவிட்டது. மனைவி அக்கம்பக்கம் பூராவும் சொல்லி முடித்தாயிற்று.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. மனைவிக்குத் தையல் கம்பெனியில் வேலை. வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு போனான். வேலை நடக்கிற வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே இறங்கினான். கூட்டில் இரண்டு குஞ்சுகள், இறகு சரியாக முளைக்காதவை. பையைப் பிரித்தான், போட்டான், முடிந்தான். பை லேசாக அசைந்தது. திரும்பிப் பார்த்தால் ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீர். இறங்கும்போது அது அங்கே இல்லை.

"பாப்பா!" என்று கூப்பிட்டான்.

"என்னப்பா?" பதில் கூடத்திலிருந்து வந்தது.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "அப்பாக்குத் தாகமா இருக்கும்னு கேட்டு வாங்கிட்டு வந்தா. தங்கமான பொண்ணு."

பைக்கில் ஏறினால் மகளுக்கு வாய் ஓயாது. லாரிக்கு எத்தனை சக்கரம், டிரைவருக்குத் தூக்கம் வந்தால் யார் ஓட்டுவார் என்று உயிரை எடுத்துவிடுவாள். அன்று வீடு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. கேட்டுத் தொலையேன்டி என்று மனசுக்குள் கெஞ்சினான். கேட்டால் இன்னொரு பொய்யாவது சொல்லலாம். கேட்காத பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மனைவி, "கவிதையச் சொல்லிக் காட்டேன்டி" என்றாள். "அப்புறம்மா" என்று மகள் நழுவிவிட்டாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத் திருடனைப் போல நோட்டைப் புரட்டினான். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் பயமுறுத்தியது. மேடையில் ஏறி வேறு எதையாவது சொல்லிவிட்டால்? ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பையைப் பற்றி அவள் வாயால் கேட்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை விழா. இரண்டாவது வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மகள் மைக் முன்னால் வந்து நின்றாள்.

"புறாக் குஞ்சுக்கு வீடு இல்லை,
அப்பா கையில் ஏந்திப் போவார்.
அம்மாப் புறா பின்னால் பறக்கும்,
மாடித் தோட்டம் புது வீடாகும்."

ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் அவனைப் பார்த்தாள். சரியாகத்தான் சொல்கிறேனா என்று கேட்கிற பார்வை. அவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டான்.

வெளியே மனைவி டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "சூப்பரா சொன்ன பாப்பா."

அவள் அம்மா நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"பயப்படாதப்பா. நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட சொல்லல."

சொல்லிவிட்டு, பெரிய மனுஷி போல அவன் தோளில் தட்டிக்கொடுத்தாள்.