லோன்மோர் என்றால் என்ன?

பதினைந்து வருடங்களாக ரொறன்ரோவில் வீடும் காணியும் விற்கிறேன். என்னால் விற்க முடியாத இடம் என்று ஒன்று இருந்ததில்லை.

மோர்னிங்சைட்டில் இருக்கும் மேரி அக்கா, வேலையை விட்டபின் தோட்டத்தோடு வீடு கட்ட நாட்டுப்புறத்தில் காணி கேட்டார். இரண்டு மணித்தியாலம் வடக்கே கூட்டிப்போய், ‘லோன்மோர்’ என்ற பழைய பண்ணையைக் காட்டினேன்.

“லோனும் எடுக்கலாம், மோரும் குடிக்கலாம் அக்கா” என்று பகிடி விட்டேன். ஆவணி வெயிலில் நிலம் நன்றாகக் காய்ந்து கிடந்தது.

வேலியோரம் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். பெயருக்கு என்ன பொருளென்று அவரிடம் கேட்கச் சொன்னார் அக்கா. அது கேலிக் என்ற பழைய மொழியாம். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த அவருடைய பூட்டன் வைத்த பெயராம். பெரிய ஈரநிலம் என்று பொருள். பனி கரையும்போது முழங்காலளவு தண்ணீர் நிற்கும் என்றார்.

அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது.

“என்ன சொல்லுறார் தம்பி?”

“பெரிய புல்வெளி எண்டு அர்த்தமாம் அக்கா.”

அக்கா என் முகத்தையே பார்த்தார். “எங்கட ஊர்த் தரவையும் புல்வெளிதானே. மாரியிலை வெள்ளம் நிக்கும். உதுவும் அப்பிடியோ?”

ஓம் என்றால் விற்பனை போய்விடும். இல்லை என்றால் இந்த மனுசி தண்ணீருக்குள் வீடு கட்டும்.

“ஓம் அக்கா. தண்ணி நிக்குமாம். நான் மறைச்சுப்போட்டன்.”

அக்கா கோபிக்கவில்லை. “சரி, வேறை இடம் காட்டும்” என்று காரில் ஏறினார். அடுத்த வருடம் மேட்டுநிலமொன்றை என்னிடமே வாங்கினார்.

நான் கெட்டிக்காரன்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் இப்போது ஒரு காணியின் பெயர் விளங்காவிட்டால் விசாரிக்கிறேன். கேட்டதை அப்படியே சொல்லியும் விடுகிறேன்.