சமதரையில் வாங்கிய மூச்சு

ஒரு வருஷம் முழுக்க என் மாமாவுக்குத் தள்ளுவண்டி என்றுதான் பேர். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கோயில் திருவிழாவை ஒட்டி அங்கே சைக்கிள் போட்டி வைப்பார்கள். இரண்டு சைக்கிள் சேர்ந்து போனால் ஒன்று தேயிலைக்குள் இறங்கிவிடும், அவ்வளவு ஒடுங்கலான பாதை. அதனால் ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையின் வாசலில் புறப்பட்டு, பள்ளத்தில் இருக்கும் பாலம் வரை இறங்கி, திரும்பி ஏறி வர வேண்டும். ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்து யார் சீக்கிரம் வந்தது என்று சொல்வார்.

நான் சொல்லப்போகும் போட்டிக்கு முந்தின வருஷம் மாமா பாலம் வரைக்கும் பறந்தார். திரும்பி ஏறும்போது பாதியில் மூச்சு முட்டி, குடித்த தேத்தண்ணியை எல்லாம் வாந்தியெடுத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர் அது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேர்தான். பள்ளிக்கூடத்தில் என்னைத் தள்ளுவண்டி மருமகள் என்றார்கள். அந்தப் பேரை ஒழித்துக்கட்டுவது மாமாவைவிட எனக்குத்தான் அவசரம்.

மாமா ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். யோசித்து யோசித்து, தன் தோல்விக்கான காரணத்தையும் அங்கேயே கண்டுபிடித்துவிட்டார்.

"வாடாத கொழுந்த ரோலர்ல தள்ளினா நொறுங்கித்தானே போகும்? போன வருஷம் நான் வாடாமப் போயிட்டேன் அக்கா" என்று அம்மாவிடம் விளக்கினார்.

அதனால் இந்த முறை முதலில் வாடுவது என்று முடிவாயிற்று. பழகப் போகுமுன், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் மேலும் கீழுமாக நிதானமாக ஓட்டுவார். குளிரில் விறைத்த கால்கள் இளக வேண்டும், பிடரியில் வேர்வை கசிய வேண்டும். தொட்டுப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஈரம் இல்லாவிட்டால், இன்னும் வாடவில்லை என்று நான் திருப்பி அனுப்புவேன். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "போட்டிக்கு முன்னாடியே களச்சுப்போற மொத ஆளு இவன்தான்" என்பாள்.

அடுத்தது அவசரத்தை அடக்குவது. அதற்கும் மாமா ஒரு வழி வைத்திருந்தார். என்னை முன்பாரில் உட்காரவைத்துக்கொள்வார். நான் கேள்வி கேட்டுக்கொண்டே வர வேண்டும். முழுசாகப் பதில் வந்தால் வேகம் சரி. பாதி வார்த்தையை விழுங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். மாட்டுக்கு மேல்பல் உண்டா, அட்டைக்குக் கண் எங்கே இருக்கிறது, ஏழெட்டு எவ்வளவு என்று நான் வாய் ஓயாமல் கேட்டேன். செங்குத்தான ஏற்றத்தில்கூட மாமா பிசிறில்லாமல் பதில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோட்டை விட்டார். பாலத்துக்கு மேலே முதல் ஏற்றம் முடிந்ததும் கொஞ்ச தூரம் வளைந்து போகும் சமதரை வரும். அந்த வளைவில்தான் பிள்ளைக் காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சாயந்தரத்தில் வாசல் கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். சரியாக அந்த இடத்தில் நான் எதைக் கேட்டாலும் மாமாவிடமிருந்து "ம்" தவிர ஒன்றும் வராது. மெதுவாகப் போகச் சொன்னேன். சைக்கிள் நடக்கிற வேகத்துக்கு வந்தது, பதில் மட்டும் வரவில்லை. இங்கேதான் உங்களுக்குக் கோளாறு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாமா மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். இந்தத் துண்டை மட்டும் தனியாகப் பழகினால் நல்லது என்றும் அவரே சொன்னார். சில நாள் மற்ற பாதையை விட்டுவிட்டு அந்தச் சமதரையிலேயே போய்ப் போய் வந்தோம்.

போட்டியன்று முன்பாரில் ஆள் ஏற்றக்கூடாது. அந்த வளைவில் மாமாவை யார் கேள்வி கேட்பது என்ற கவலை எனக்கு. காலையிலேயே பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன்.

"மாமா இங்க வந்ததும் மூச்ச விட்டுர்றாருக்கா. நீங்க ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்லிட்டாருன்னா வேகம் சரி."

"நான் என்னா கேக்குறது?"

"எதுனாலும் கேளுங்க. லேசா பதில் சொல்றதா இருக்கணும்."

அக்கா இடுப்பிலிருந்த பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "ஒண்ணு இருக்கு. கேக்குறேன்" என்றார்.

அன்று மாமா நன்றாக வாடித்தான் புறப்பட்டார். பாறைமேல் ஏறி நின்றவர்கள், பாலத்தில் திரும்பிவிட்டார், நிதானமாக ஏறுகிறார், ஆள் அசரவே இல்லை என்று கத்திச் சொன்னார்கள். டீமேக்கர் ஐயா கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முதல் பரிசு எங்கள் வீட்டுக்குத்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பிள்ளைக் காம்பரா வளைவை மூடியிருந்த பனிமூட்டத்துக்குள் மாமா நுழைந்தார். நுழைந்தவர் வெளியே வரவில்லை. டீமேக்கர் ஐயா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் கழித்து மாமா வந்தார். தள்ளிக்கொண்டு வரவில்லை, ஏறி மிதித்துத்தான் வந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே. கடைசி இடம். கூட்டத்தில் யாரோ பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட, எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

"அக்கா கேள்வி கேட்டாங்களா மாமா?"

"கேட்டாங்க."

"பதில் சொன்னீங்களா?"

"எறங்கி நின்னு சொன்னேன்."

"எதுக்கு எறங்குனீங்க?"

"மூச்சு வாங்குச்சு பாப்பா."

பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா தோற்றதற்குச் சொந்த அக்காவே சிரிக்கிறாளே என்று அவள்மேலும் எனக்குக் கோபம்.

அடுத்த தையில் அந்த அக்கா எனக்கு அத்தையாகி எங்கள் லயத்துக்கு வந்தார். போட்டியைக் கெடுத்தவர் என்று கொஞ்ச நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படி என்னதான் கேட்டீர்கள் என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன். "நீ சொன்ன மாதிரி லேசான கேள்விதான். ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும்" என்றார் அத்தை. மாமா ஆமாம் என்றுதான் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, சமதரையில், அதுவும் சைக்கிளைவிட்டு இறங்கி நின்ற பிறகு, என் மாமாவுக்கு ஏன் அப்படி மூச்சு வாங்கியது என்பது அந்த வயதில் எனக்குப் புரியவே இல்லை.